ஈ பறக்கும் தூரமும் லாரி ஓடும் தூரமும்

மாண்புமிகு தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஒரு கிராமத்தில் தோல் கழலை நோய் தலைகாட்டியதும் சுற்றியுள்ள 5 கிலோமீட்டருக்குள் மாடுகளுக்கு ஊசி போடுவது, தொழுவங்களில் மருந்து தெளிப்பது, மாட்டை வெளியே ஓட்ட வேண்டாம் என்று அறிவிப்பது ஆகியவையே நம் நாட்டில் வழக்கமான நடவடிக்கைகள். எதுவும் தவறில்லை. ஆனால் எல்லாமே நோய் வந்த பிறகு செய்பவை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாநிலம் முழுவதும் ஊசி போட்டு முடிக்க வேண்டும், ஊசி போடாத மாட்டுக்குச் சந்தையில் இடம் கூடாது என்பதே என் கோரிக்கை.

பூச்சி பரப்பும் நோய் என்றதும் நமக்கு டெங்கு நினைவுக்கு வருகிறது. டெங்கு வைரஸ் கொசுவின் உடலுக்குள் பெருகி, உமிழ்நீரை எட்டிய பின்பே அடுத்தவருக்குத் தொற்றும். ஆடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயிலும் அதைப் பரப்பும் சிறு பூச்சிக்குள் வைரஸ் பெருகுகிறது. தோல் கழலை வைரஸ் பரவுவது பெரும்பாலும் வேறு வழியில்: நோயுற்ற மாட்டைக் கடித்த பூச்சியின் வாயுறுப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போகிறது. தொழுவத்தில் திரியும் கடி ஈயையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கடித்தால் வலிக்கும். மாடு வாலால் அடிக்கும், காலை உதறும், தோலைச் சிலிர்க்கும். அரைவயிற்றோடு எழுந்த ஈ பக்கத்து மாட்டின் மேல் உட்காரும். வலிக்காமல் நிதானமாக உறிஞ்சும் பூச்சியைவிட, விரட்ட விரட்ட மாடு மாறும் பூச்சிதான் இங்கே ஆபத்தானது. நோயுற்ற மாட்டைக் கடித்த ஏடிஸ் எஜிப்தி கொசு 2 முதல் 6 நாள் வரை வைரஸைக் கடத்த வல்லது என்று 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. உண்ணிக்கும் பங்குண்டு. இரத்தத்தில் இருப்பதைவிடக் கழலையில் வைரஸ் பல மடங்கு அதிகம். ஆகவே கழலை எழும்பிய ஒரு மாடு கட்டுத்தறியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்தத் தெருவுக்கே ஆபத்து.

ஆனால் ஈயின் உலகம் சிறியது. ஒரு சில கிலோமீட்டருக்குள் நோயை அது பரப்பும். காற்று எப்போதாவது பூச்சிகளை அதற்கும் அப்பால் தள்ளலாம். மாநிலம் விட்டு மாநிலம் நோய் தாவுவதற்கு மாட்டு வியாபாரமும் லாரியும் வேண்டும். 1929இல் இன்றைய ஜாம்பியாவில் முதலில் பதிவான இந்நோய் பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருந்தது. 2013இல் துருக்கி, 2019இல் ஒடிசா, அடுத்த ஆண்டே இலங்கை என்று வந்து, 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் இறந்தவை 1.5 லட்சத்துக்கும் மேல். நோய் வெளிப்பட 28 நாள் வரை ஆகலாம் என்று உலக விலங்குகள் சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது. ஈரோடு கருங்கல்பாளையத்திலோ பொள்ளாச்சியிலோ நல்ல மாடாக விலைபோன ஒன்று, வாங்கியவர் தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கழலை காட்டும். அங்குள்ள ஈக்களுக்கு அதுவே போதும்.

முன்கூட்டியே ஊசி போட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று பால்கன் நாடுகள். அங்கே 2016இல் 7,483 இடங்களில் நோய் பதிவானது. பரவலாகத் தடுப்பூசி போட்ட பின், 2017இல் அது 385 ஆகச் சுருங்கியது. குரோவேஷியா தன் எல்லைக்குள் ஒரு மாட்டுக்குக்கூட நோய் வருவதற்கு முன்பே ஊசி போட்டுத் தப்பித்தது. எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். நோய் ஏற்கெனவே ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கையில் போடும் ஊசி அந்த மூன்று வாரத்தை ஈக்களிடமே விட்டுவிடுகிறது. ஒரே ஊசிமுனையை மாடு மாற்றி மாடு குத்தினால் ஈ செய்யும் வேலையை நாமே செய்ததாகிவிடும். பதற்றத்தில் நடக்கும் முகாம்களில் இந்தத் தவறு நேர வாய்ப்பு அதிகம்.

நம்மிடம் போடப்பட்டு வந்தது ஆட்டம்மைத் தடுப்பூசி, அது முழுப் பாதுகாப்புத் தராது என்பார்கள். உண்மைதான். ஊசி போட்ட மாட்டுக்கும் நோய் வரலாம். ஆனால் கழலைகள் குறைந்தால் ஈக்குக் கிடைக்கும் வைரஸும் குறையும். ஹிசார், இசத்நகர் ஆய்வு நிறுவனங்கள் இந்த வைரஸிலிருந்தே உருவாக்கிய தடுப்பூசி 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஊசி போதிய அளவில் தமிழ்நாட்டுக்கு வர அரசு முயல வேண்டும், ஆனால் அதற்காகக் கையில் உள்ளதைப் போடாமல் காத்திருக்கக் கூடாது. சாவு விகிதம் குறைவுதானே என்பது இன்னொரு வாதம். பால் வற்றுவதையும் சினை கலைவதையும் தோல் பாழாவதையும் சாவுக் கணக்கு காட்டாது. ஒன்றிரண்டு கறவை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அவையே பேரிழப்பு. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுப்பதையும் வேப்பிலைப் புகை போடுவதையும் நான் குறை சொல்லவில்லை. புகை சற்று நேரம் ஈயை விரட்டும். நோயுற்ற மாட்டைப் பேணும் முறைகள் அவை. தடுப்பூசியின் இடத்துக்கு வர முடியாது.

சந்தையில் கட்டுப்பாடு என்றால் விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்ப்பார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. நோய் வந்தபின் சந்தையை வாரக்கணக்கில் மூடும்போது அடிபடுவது அவர்கள்தாமே. நான் கேட்பது மூடுவதை அல்ல. 12 இலக்கக் காது வில்லை எண்ணோடு, 28 நாளுக்கு முன்பே ஊசி போட்டதற்கான பதிவு இருக்கும் மாடு தாராளமாக உள்ளே வரட்டும். கால்நடைகளுக்கான 2009ஆம் ஆண்டு நோய்த் தடுப்புச் சட்டம் தடுப்பூசியைக் கட்டாயமாக்கவும் மாடுகளின் நடமாட்டத்தை ஒழுங்குபடுத்தவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. கோமாரி ஊசிக்கு வீடு வீடாகப் போகும் ஆட்களும் ஊர்வாரிப் பட்டியலும் ஏற்கெனவே இருக்கின்றன. உரிமையாளர் இல்லாமல் தெருவில் திரியும் மாடுகளை மட்டும் உள்ளாட்சிகளிடம் தனியே ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

முதலில் நடைமுறைப்படுத்திப் பார்க்க, ஆடியில் கூடும் அந்தியூர் குருநாதசாமி கோயில் கால்நடைச் சந்தை ஏற்ற இடம். அங்கு வரும் மாடுகளுக்கு 28 நாள் முன்னதாக ஊசி போட்டிருக்க வேண்டுமென்றால், தங்கள் ஆணை வைகாசிக்குள் வெளிவர வேண்டும்.