சுருட்டுப் பெட்டியும் கடற்காற்றும்

முகத்துவாரத்துக் கடற்காற்றில் உப்பே கசியும்; பாட்டனாரின் யாழ்ப்பாணச் சுருட்டு எம்மாத்திரம்? ஈரப்பதம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை உகந்தது. 75ஐத் தாண்டினாற் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே இறுக மூடும் தகரப்பெட்டியே நன்று. பூச்சியுருண்டை இடவேண்டா, அந்நெடியைப் புகையிலை உறிஞ்சிவிடும். பெட்டி குழந்தைகளுக்கு எட்டாதிருக்கட்டும். புகையிலையைத் தின்றால் நஞ்சு.

மேலிலையில் ஊசித்துளை தென்பட்டால், அது புகையிலை வண்டின் வேலை. அச்சுருட்டை எறிந்துவிட்டு, எஞ்சியவற்றைக் காற்றுப்புகாத உறையிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் மூன்று நாள் வைத்தாற் புழு மடியும். பின்னர் ஒருநாள் கீழ்த்தட்டில் வைத்தே வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலிலை வெடிக்கும்.

தலைப்பக்கம் மூடிய சுருட்டைப் பல்லாற் கடிப்பது பெரியவர் பலரின் வழக்கம். சுருள் பிரிவது அதனாலேதான். கூரிய அலகால், தலையின் வளைவு முடியுமுன், இரண்டு மில்லிமீற்றர் அளவே ஒரே வெட்டாக நறுக்குக. மொட்டைக் கத்தியோ இலையைக் கிழித்துவிடும்.