தக்காளி மீது வழங்கிய தீர்ப்பு

எங்களுள் சிலருக்கு வயிறு நலிந்தது. தக்காளிச் சாஸ் ஊற்றிய பாஸ்தாவை விரும்பி உண்போம், இரவெல்லாம் துன்புறுவோம். மறுநாள் வந்து சேரும் அறிவுரை ஒன்றே: "தக்காளியை விட்டுவிடுங்கள்." அதன்பின் விருந்துக்குச் செல்லும் இடமெல்லாம் தட்டை ஒதுக்கிவிட்டு நாணி அமர்ந்திருக்க வேண்டும். விசாரணையின்றி வழங்கப்பட்ட இத்தீர்ப்பை நாங்கள் ஏற்பதற்கில்லை.

இத்தாலியரான பெல்லெக்ரினோ அர்தூசி 1891இல் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். கதை சொல்லும் அழகுக்காகவும் படிக்கத்தக்க நூல் அது. எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்த பாதிரியார் ஒருவரை ஊரார் 'தோன் பொமொதோரோ', அதாவது தக்காளிச் சாமியார், என்றழைத்த கதை அதில் உண்டு. தக்காளியை மட்டும் வேகவைத்து வடித்தெடுப்பதை அர்தூசி 'சுகோ' என்கிறார். வெங்காயமும் பூண்டும் செலரியும் சேர்ந்தது 'சால்சா'. தக்காளியின் பெயரால் நாம் பழிப்பது பெரும்பாலும் இந்தச் சால்சாவையே.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்னும் மாவுப்பொருள் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்ய, வாயு பெருகுகிறது. கூருணர்வுள்ள குடலுக்கு அதுவே உப்புசமும் வலியும் ஆகிறது. கோதுமைப் பாஸ்தாவிலும் ஃப்ரக்டான் உண்டு என்பதை மறத்தலாகாது. இப்பொருள் நீரில் கரையும்; எண்ணெயில் கரையாது. ஆகவே வெங்காயத்தைச் சாஸில் கொதிக்கவிட்டுப் பின் எடுத்தெறிவதால் பயன் சிறிது. பூண்டுப் பற்களை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, தக்காளி சேருமுன் அகற்றிவிட்டால் மணம் மட்டும் எஞ்சும்.

நெஞ்செரிச்சல் உடையோர் நிலை வேறு. அங்கே தக்காளி குற்றமற்றது என்று வாதிட மாட்டோம். அதன் புளிப்பு சிட்ரிக் அமிலத்தால் வருவது. சாஸ் வற்ற வற்ற அது செறிவடையும். சர்க்கரை நாவை ஏமாற்றுமேயன்றி அமிலத்தைக் குறைக்காது. ஒரு சிட்டிகை சமையல் சோடா குறைக்கும். மிகுந்தால் சுவை கெடும். அளவாக உண்பதும், உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் படுக்காதிருப்பதும் அதனினும் நன்று.

தொல்லை நீடித்தால் மருத்துவரை நாடுக. அஃதன்றேல், ஒருநாள் சுகோவை மட்டும் சிறிதளவு உண்டு பாருங்கள். வயிறு அமைதி காத்தால், இத்தனை ஆண்டுகள் தக்காளியை வீணே பழித்திருக்கிறோம் என்று பொருள்.