பள்ளி அலமாரியின் பழைய புட்டிகள்

மேல்நிலைப் பள்ளிகளின் ரசாயனப் பரிசோதனைச் சாலையை ஒட்டிய சிறு அறையில், திராவகப் புகை பட்டு எழுத்து மங்கிய சீட்டுகளோடும் துருவேறிய மூடிகளோடும் வரிசையாக நிற்கும் புட்டிகளைப் பார்த்தவர்கள், 1978-ல் பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய காலத்துச் சரக்கும் அவற்றுள் இருக்கக்கூடும் என்றால் ஆச்சரியப்பட மாட்டார்கள். பிக்ரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். நீரில் நனைந்திருக்கும்வரை சாதுவாகக் கிடக்கும் அந்த மஞ்சள் பொருள், வருஷக்கணக்கில் கவனிப்பாரின்றி நீர் வற்றி உலர்ந்துவிட்டால், உராய்வையும் அதிர்ச்சியையும் பொறுக்காமல் வெடிக்கும் சுபாவம் பெறுகிறது. மூடியின் மரையில் படிந்த துகளே விபத்துக்குப் போதும். 1917-ல் கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரை நாசமாக்கிய கப்பலில் இருந்த வெடிசரக்கில் பெரும்பங்கு இதுவே.

இவ்வளவும் அறிந்த உபாத்தியாயர்கள் அந்தப் பழைய புட்டிகளை அப்புறப்படுத்தாதிருப்பது சோம்பலால் அன்று. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் குறைந்தால் தணிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். துணிந்து கழித்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்லை. தொட்டியில் ஊற்றினாலோ பாதரசமும் ஈயமும் குரோமியமும் ஊர்க் கிணற்றில் போய்ச் சேரும். ஆகவே சர்க்காரின் சொத்தைக் காக்க ஏற்பட்ட பதிவேடு, விஷத்தையும் சேர்த்துக் காத்துவருகிறது.

அபாயகரமான கழிவுகளுக்கென்று 2016-ல் புதிய விதிகள் பிறந்தன. அக்கழிவுகளைப் பத்திரமாகப் புதைப்பதற்குக் கும்மிடிப்பூண்டியில் நிலையமும் இருக்கிறது. ஆலைக் கழிவு போய்ச் சேரும் அந்த இடத்துக்குப் பள்ளிப் புட்டி போகக் கூடாதா? ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், பயிற்சி பெற்றவர்களை மாவட்டந்தோறும் அனுப்பி, பழைய சரக்கைச் சேகரித்து, அவர்கள் கொடுக்கும் ரசீதே பதிவேட்டிலிருந்து நீக்கப் போதுமான ஆதாரம் என்று கல்வித் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கூடி ஓர் உத்தரவு பிறப்பித்தால், நெடுங்காலச் சங்கடம் தீரும்.

வாங்குவதிலும் நிதானம் அவசியம். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட வேண்டும் என்பதற்காகப் பெரிய புட்டிகளாக வாங்கிக் குவிக்காமல், ஓராண்டுத் தேவைக்கு மட்டும் வாங்கலாம். உப்பைப் பகுத்தறியும் பரிசோதனைகள் பலவற்றைச் சோதனைக் குழாயில் தாராளமாக ஊற்றிச் செய்வதற்குப் பதில், குழிகளுள்ள பீங்கான் தட்டில் சில சொட்டுகளைக் கொண்டே செய்யலாம். மாணவன் காணும் நிறமாற்றமும் வீழ்படிவும் ஒன்றே, கழிவு மட்டும் மிகக் குறைவு. அமிலம் என்ற ஒரே காரணத்தால் நைட்ரிக் அமிலத்தையும், எளிதில் தீப்பற்றும் அசிட்டிக் அமிலத்தையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்கும் வழக்கமும் உடனே ஒழிய வேண்டும்.

இப்புட்டிகளைத் தினமும் வெறுங்கையால் தொட்டுத் துடைப்பவர், பெரும்பாலும் ரசாயனம் படிக்காத ஆய்வக உதவியாளர். உலர்ந்த பிக்ரிக் அமிலப் புட்டியைக் கண்டால் அசைக்காமலும் திறக்காமலும் அறையைப் பூட்டித் தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பதை, இந்த வாரமே அவருக்கு யாரேனும் அருகிலிருந்து விளக்க வேண்டும்.