வேரோடு பெயர்ந்த நிலைப்பல்: பெற்றோர் அறிய வேண்டியவை

விழுந்த பால் பல்லைக் கூரை மேல் எறிவது நம் ஊர்களின் வழக்கம். இதனால், விழுந்த பல் இனிப் பயன்படாது என்ற எண்ணம் பெற்றோரிடம் நிலைத்துள்ளது. ஆனால், விளையாடும்போதோ மிதிவண்டியிலிருந்து விழுந்தோ வேரோடு பெயர்ந்த நிலைப்பல்லுக்கு இது பொருந்தாது. விரைவில் அதே குழியில் பொருத்தினால் அப்பல் மீண்டும் நிலைபெறக்கூடும். இந்திய நகரங்கள் பலவற்றில் நடத்தப்பட்ட ஆய்வுகளில், இதனை அறிந்த பெற்றோர் குறைவாகவே இருந்தனர்.

நேரம் ஏன் முக்கியம்?

வேரின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய இழைகளே பல்லை எலும்புடன் பிணைக்கின்றன. பல் 30 நிமிடங்களுக்கு மேல் உலர்ந்திருந்தால், அவ்விழைகளின் உயிரணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். பழனியிலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களிலிருந்து பழனிக்கு வருவதற்கே வாகனத்திற்குக் காத்திருக்க நேரிடலாம். எனவே, முதலுதவி விபத்து நடந்த இடத்திலேயே தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• குழந்தை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ உடனே 108-ஐ அழைக்கவும்.
• பல்லின் வெண்ணிறத் தலைப்பகுதியை மட்டும் பிடிக்கவும். வேரைத் தொடக் கூடாது.
• அழுக்கு இருந்தால் பாலில் மெதுவாக அலசவும். தேய்க்கவோ சுரண்டவோ கூடாது.
• குழந்தை ஒத்துழைத்தால் பல்லை அதன் குழியில் பொருத்தி, சுத்தமான துணியைக் கடித்திருக்கச் செய்யவும்.
• இயலாவிடில், குளிர்ந்த பாலில் பல்லை மூழ்கவைத்து எடுத்து வரவும். ஆவின் பால் பாக்கெட்டே போதும்; சூடான பால் கூடாது. தண்ணீரில் ஊறவைப்பதையும், காகிதத்தில் மடித்து வைப்பதையும் தவிர்க்கவும்.
• தாமதமின்றிப் பல் மருத்துவரை அணுகவும். தடுப்பூசி அட்டையையும் எடுத்து வரவும். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம்.

தாமதமாகிவிட்டாலும் பல்லை எறிந்துவிட வேண்டாம். அப்போதும் மருத்துவர் பொருத்த முயல்வார்.

பால் பல் எனில்?

அடிபட்டு விழுந்த பால் பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது. அடியில் வளரும் நிலைப்பல் பாதிக்கப்படலாம். எனினும், மருத்துவரிடம் காட்டுவது அவசியம். முன்வரிசை நிலைப்பற்கள் பொதுவாக 6 முதல் 9 வயதுக்குள் முளைக்கின்றன. எவ்வகைப் பல் என்ற ஐயம் எழுந்தால், நீங்களாகப் பொருத்தாமல் பாலிலிட்டுக் கொண்டு வரவும்.

இத்தகைய காயங்கள் பள்ளியிலும் நேரிடுகின்றன. ஆகவே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இம்முதலுதவி முறையை ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளுங்கள்.