கிழங்கின் நடுவில் கருப்பு

தோல் சுத்தமாக இருக்கிறது. அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது. நாற்றமும் இல்லை. அறுத்துப் பார்த்தால் நடுவில் மட்டும் சாம்பலும் கருநீலமும் கலந்த திட்டு. கோடையில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளில் இப்படி ஒரு மூட்டை அகப்பட்டால், "கிழங்குல நோய்" என்று சொல்லிப் பழியை விளைவித்தவர் மேல் போடுகிறார்கள். தோட்டக்கலைத் துறையில் இருக்கும் நாமும் பல நேரம் அதற்குத் தலையாட்டிவிடுகிறோம். இது பெரும்பாலும் நியாயமில்லை.

இங்கே உருளைக்கிழங்கு விளைவதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வடமாநிலங்களிலும் விளைந்தது லாரி ஏறி வருகிறது. மலைக் குளிரிலிருந்தோ குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ கிளம்பிய கிழங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்து வெயிலில், தகரக் கூரை குடோனில் இறங்குகிறது. அறுவடைக்குப் பின்னும் கிழங்கு மூச்சுவிடும் உயிர்ப்பொருள். சூடு ஏற ஏற மூச்சு வேகமெடுக்கும். தார்ப்பாய் மூடிய லாரியிலும் சுவரோடு ஒட்டிய அட்டியிலும் காற்று புகாது. ஆக்சிஜன் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் கிழங்கின் நடுப்பகுதி. முதலில் சாவதும் அதுதான். அங்கே செல் சவ்வுகள் கசிய, டைரோசின் போன்ற பீனால் பொருள்கள் நொதியோடு கலந்து கறுக்கின்றன. அதனால்தான் சில கிழங்குகளில் அறுத்தவுடன் லேசாகச் சிவந்திருக்கும் திட்டு, காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் கறுத்துப்போகிறது. பிளாக் ஹார்ட் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். இதில் பூசணமும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. மருந்துக்கு இங்கே வேலையே கிடையாது.

இது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. அமெரிக்காவில் குளிர்காலத்தில் கிழங்கு உறையாமலிருக்க ரயில் பெட்டிக்குள் அடுப்பு மூட்டினார்கள். அடுப்பருகே இருந்தவை உள்ளே கறுத்தன. 1913-இல் பார்த்தோலோமியூ என்ற ஆய்வாளர் அதை மிகைச் சூட்டின் விளைவு என்று காட்டினார். 1917-இல் ஸ்டூவர்ட்டும் மிக்ஸும் காற்றோட்டக் குறைவே அடிப்படை என்று தெளிவாக்கினார்கள். பனி நாட்டு ரயில் பெட்டியில் அடுப்பு செய்த வேலையை நம் ஊரில் மே மாத வெயில் செய்கிறது.

வயலில் தொடங்கும் கோளாறுகளும் உண்டு. கிழங்கு பிடிக்கும் பருவத்துக் குளிரும், பிறகு வரும் திடீர் வளர்ச்சியும் நடுவில் பழுப்பையும் பொந்தையும் உண்டாக்கும். காய்ந்த சூடான மண்ணும் கால்சியக் குறையும் சதையில் துருநிறப் புள்ளிகளை இறைக்கும். உண்மையான நோயும் வரத்தான் செய்யும்; அதன் தடம் வேறு. பின்கருகல், தோலிலிருந்து உள்நோக்கிச் செம்பழுப்பாக இறங்கும். பாக்டீரியா வாடல், தோலுக்குச் சற்று உள்ளே வளையமாகப் பழுப்பேறி, அழுத்தினால் பால்போல் கசியும். ஆகவே நீளவாக்கில் அறுத்து, நிறம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்த பிறகே பெயர் சொல்ல வேண்டும்.

உள்ளே கெடுவதெல்லாம் நோயல்ல என்பதை ராஜபாளையத்து மாந்தோப்புக்காரர்களுக்கு விளங்கவைப்பது எளிது. அல்போன்சாவில், வெளியே குறையில்லாத பழத்துக்குள் சதை பஞ்சாகிப்போவதை அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கொட்டை பழத்துக்குள்ளேயே முளைக்கத் தொடங்குவதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்கும் பூச்சி மருந்து பதிலாகாது.

மண்டிகளிடம் நாம் சொல்ல வேண்டியது சிறிதுதான். சரக்கை இரவிலோ விடியற்காலையிலோ இறக்குங்கள். மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போடுங்கள். சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க வழி விடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையை விட்டுச் சாக்கையோ வலைப்பையையோ பிடியுங்கள். குளிர்பதனக் கிடங்குச் சரக்கை நாள்கணக்கில் அடைத்துவைக்காமல் சீக்கிரம் விற்றுவிடுங்கள்.

நடு கறுத்ததற்காக விவசாயியின் பணத்தில் கழிவு பிடிக்கும் பழக்கம் நிற்க வேண்டும். லாரி வந்து இறங்கும்போதே மூட்டைக்குச் சில கிழங்குகளை அறுத்துப் பார்த்துக் குறித்துவைத்தால், தவறு குடோனுக்கு வருவதற்கு முன்பா குடோனிலா என்பது தெரிந்துவிடும். இந்தக் கோடையிலேயே அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கச் சொல்லி, உங்கள் பகுதி மண்டிகளை வற்புறுத்துங்கள்.