சுவர் யாருக்காக, ஐயா?

கல்வித் துறையின் உயர் பொறுப்பில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றின் இடைநிலை ஆசிரியை பணிந்து எழுதிக்கொள்வது. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் வேளையில் 'வகுப்பறையைக் கவர்ச்சியாக அமையுங்கள்' என்று தாங்கள் தவறாமல் நினைவூட்டுகிறீர்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி இரவு பத்து மணிக்கு வந்தாலும், மறுநாள் மாலைக்குள் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும், குழந்தைகள்மீது தங்களுக்குள்ள அக்கறை உறக்கம் அறியாதது என்றே எடுத்துக்கொண்டோம். கேள்வி கேட்காமல் ஏணியில் ஏறினோம், ஒட்டினோம், படமும் அனுப்பினோம்.

தங்கள் துறை எங்களுக்கு நல்ல வகுப்பறையைக் காட்டித் தந்ததுண்டு. அதை நன்றியோடு சொல்கிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் வகுப்பறையின் உயரத்தையே மாற்றியது. சம்மணமிட்டு உட்கார்ந்த பிள்ளைக்கும் கை எட்டும்படி கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. அதில் ஆளுக்கொரு பகுதி. அட்டைகள் பிள்ளைகளே எடுக்கும் தட்டுகளில் இருந்தன. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்தவற்றைத் தொங்கவிட்டோம். பின்னர் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாடல் களம், படைப்புக் களம் என்று அறைக்குள் இடம் வகுக்கச் சொன்னீர்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும் எங்களைப் போன்ற பள்ளியில், களங்களுக்கு மூலை ஒதுக்கிய பிறகு பிள்ளைகள் உட்கார இடம் தேடினோம். அதையும் தங்களிடம் முறையிடவில்லை.

செலவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் கற்பித்தல் துணைக்கருவிகளுக்கென்று ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் தந்தார்கள். இன்று ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்ற பெயரில், 30 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு விதிப்படி ஆண்டுக்கு 10,000 ரூபாய். மின்கட்டணம், சாக்பீஸ், பழுதுபார்ப்பு, தூய்மைப் பணி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்கிய பிறகு அலங்காரத்துக்கு மிஞ்சுவது தங்கள் பாராட்டுச் சொற்கள்தாம். சார்ட், ஸ்கெட்ச் பேனா, லேமினேஷன், டபுள் சைடு டேப் ஆகியவற்றை எங்கள் சம்பளம் பார்த்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிய சார்ட் முதல் மழைக்கே பூச்சையும் உரித்துக்கொண்டு விழும்போது, 'சுவரைப் பராமரிக்கவில்லை' என்ற குறிப்பும் எங்களுக்கே வந்து சேர்கிறது.

ஆனாலும் பணம் பெரிய வருத்தம் இல்லை. அலங்காரம் யார் கண்ணுக்கு என்பதே வருத்தம். படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக உயிரெழுத்துச் சார்ட்டைக் கரும்பலகைக்கு மேலே, நிற்கும் அதிகாரியின் பார்வை மட்டத்தில் மாட்டச் சொல்கிறார்கள். காலை வெயில் ஜன்னல் வழியே விழும்போது தரையில் உட்கார்ந்து பார்த்தேன். லேமினேஷன் தாளில் வெள்ளை ஒளி மட்டுமே தெரிந்தது, 'அ'வும் இல்லை, அம்மாவும் இல்லை. 2014இல் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுவரெல்லாம் நிறைத்த அறையில் மழலையரின் கவனம் அதிகம் சிதறியதையும், வெறுஞ்சுவர் அறையைவிட அவர்கள் குறைவாகவே கற்றதையும் கண்டு எழுதினார்கள். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி, அலமாரியும் நாற்காலியும் குழந்தையின் அளவில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். தங்கள் நூலகத்தில் இவையெல்லாம் இருக்கும். படிக்க நேரம் இருந்திருக்காது என்பதையும் அறிவேன்.

எங்கள் பொறுமையைத் தாங்கள் இவ்வளவு காலம் நம்பியதற்கு நன்றி. அது இப்போது தேய்ந்துவிட்டது, ஆகவே கேட்கிறேன். அலங்காரத்துக்கான தொகையைத் தனியே ஒதுக்கி, பள்ளி திறக்குமுன் அனுப்புங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சுவரைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அதில் எழுத்துப்பிழை இருந்தாலும், ஆட்டுக்கு ஐந்து கால் இருந்தாலும் குறிப்பெழுதாதீர்கள். அடுத்த முறை ஆய்வுக்கு வரும்போது நாங்கள் போடும் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, ஐந்து நிமிடம் பிள்ளைகளோடு பாயில் உட்காருங்கள். அங்கிருந்து தங்களுக்குத் தெரியாத எதையும் சுவரில் மாட்டும்படி எங்களிடம் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இன்னமும் நம்ப விரும்பும்
ஓர் இடைநிலை ஆசிரியை