பெயர்ப்பட்டியலுக்கு வெளியே நிற்கும் சிறார்

மும்பை செம்பூரில் பம்பாய் பிரெசிடென்சி கோல்ஃப் கிளப் 1927ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் சுற்றுச்சுவருக்கு வெளியே, குடிசைப் பகுதியின் சந்துகளில், வளைத்த இரும்புக் கம்பியும் நெகிழிப் பந்தும் கொண்டு அதே ஆட்டம் ஆடப்படுகிறது. ‘ஸ்லம் கோல்ஃப்’ என்று பெயர் பெற்ற இவ்வாட்டத்தை வளர்த்தவர்கள் மைதானத்தில் மட்டைப் பை சுமந்து பிழைப்போரும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். கோல்ஃப் போட்டிகளில் சிறார் பாதுகாப்பு பற்றிய விவாதம் எங்கு எழுந்தாலும் சுவரின் இருபுறத்துச் சிறாரையும் ஒருசேரக் கருத வேண்டும். போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளையை மட்டும் காக்கும் விதி அரைகுறை விதியே.

இவ்விளையாட்டின் இயல்பை முதலில் நோக்க வேண்டும். ‘ஹேண்டிகேப்’ என்னும் சலுகைக் கணக்கு இருப்பதால், பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஐம்பது வயது உறுப்பினரும் ஒரே குழுவில் சமமாகப் போட்டியிட முடிகிறது. பதினெட்டுக் குழிகளை ஆடி முடிக்க நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒவ்வொரு குழுவோடும் நடுவர் நடப்பதில்லை. ஒருவர் எடுத்த அடிகளை உடன் ஆடும் மற்றொருவர் எண்ணி, மதிப்பெண் அட்டையில் கையொப்பமிடுகிறார். நம்பிக்கையும் அமைதியும் மூத்தோர்க்குக் காட்டும் மரியாதையும் இவ்வாட்டத்தின் பெருமைகள். ஆயினும் மரங்கள் மறைக்கும் பரந்த வெளியில், தன் அட்டையில் கையொப்பமிட வேண்டிய பெரியவரோடு ஒரு பிள்ளை நடக்கும்போது, அப்பெருமைகளே அப்பிள்ளையின் வாயைக் கட்டிவிடக்கூடும். கோல்ஃப் பிற விளையாட்டுகளைக் காட்டிலும் தீயது என்பதன்று இதன் பொருள். இங்குக் காவல் ஏற்பாட்டைத் திட்டமிட்டு அமைத்தாலன்றி அது தானாக அமைவதில்லை என்பதே பொருள்.

இந்திய விளையாட்டு வரலாறு இவ்வச்சத்திற்குப் போதிய காரணம் தந்துள்ளது. 1990இல் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் 14 வயது டென்னிஸ் வீராங்கனையிடம் தகாத முறையில் நடந்துகொண்டவர், மாநில டென்னிஸ் சங்கத்தின் தலைவராகவும் காவல்துறையின் உயரதிகாரியாகவும் இருந்தவர். புகார் கூறிய அச்சிறுமி பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள். 1993இல் தற்கொலை செய்துகொண்டாள். குற்றவாளி என்ற தீர்ப்பு 2009இல்தான் வந்தது. சென்னையில் 2021 மே மாதத்தில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைதானார். முதற்புகாருக்குப் பின்னர் மேலும் சிலர் துணிந்து முன்வந்தனர். இரு நிகழ்வுகளிலும் குற்றம் சுமத்தப்பட்டவர் வெளியாள் அல்லர். ஒரு பிள்ளையின் எதிர்காலத்திற்கான திறவுகோலைக் கையில் வைத்திருந்தவர்.

சட்டம் இல்லாமலில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தம் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. 2020இல் வந்த விதிகள் விளையாட்டுப் பயிற்சியகங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பணியாளர் அனைவரின் பின்னணியையும் காவல்துறை வழியாகக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் சரிபார்க்க வேண்டும் எனப் பணிக்கின்றன.

ஆனால் ‘பணியாளர்’ என்னும் அச்சொல்லில்தான் இடைவெளி இருக்கிறது. அமெச்சூர் போட்டியை நடத்துவோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். போட்டிக்குழு உறுப்பினர், தன்னார்வலர், உடன் ஆடுபவர், வெளியூர்ப் பிள்ளைக்குத் தம் வீட்டில் இடமளிக்கும் நண்பர் ஆகிய எவரும் பணியாளர் அல்லர். சரிபார்ப்பு என்று வரும்போது காவலாளியும் புல்வெட்டுபவரும் பை சுமப்பவரும் அடையாள அட்டையை நீட்டுகிறார்கள். உறுப்பினரை வாயிற்காவலர் வணங்கி உள்ளே அனுப்புகிறார். ஐயம் எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது. மேற்கண்ட இரு நிகழ்வுகளோ அதற்கு நேர்மாறான பாடத்தையே கற்பிக்கின்றன.

இரண்டாவது இடைவெளி, போட்டிப் பட்டியலில் பெயரில்லாத பிள்ளை. பதினான்கு வயது நிறையாதவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம். பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளோர் அபாயமற்ற தொழில்களில் ஈடுபடச் சட்டம் இடமளிக்கிறது. பை சுமந்து வளர்ந்தோர் இவ்விளையாட்டின் உச்சியைத் தொட்டதும் உண்டு. பெங்களூரின் முனியப்பா 2009இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். கொல்கத்தா மைதானத்தில் புல்தரை பராமரித்தவரின் மகனான சௌரசியா 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அவ்வழியை அடைத்துவிடக் கூடாது. அதைப் பாதுகாப்பானதாக ஆக்க வேண்டும். அன்றைய வரும்படி முழுவதும் ஓர் உறுப்பினரின் மனநிறைவைச் சார்ந்திருக்கும் பதினாறு வயதுச் சிறுவன், அவரைப் பற்றி அதே கிளப்பின் அலுவலகத்தில் புகார் கூறுவான் என எதிர்பார்ப்பது அறியாமை.

‘அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், இத்தனை விதிகள் விதித்தால் தன்னார்வலர்கள் விலகிவிடுவார்கள்’ என்னும் மறுப்பு எழக்கூடும். இதில் சிறிது உண்மை உண்டு. படிவம் நிரப்புவதையே பாதுகாப்பாகக் கருதும் போக்கும் ஆபத்தானதே. எனினும் பிரிட்டன் இத்தயக்கத்தைக் கடந்து வந்துள்ளது. அந்நாட்டின் ஒலிம்பிக் நீச்சல் பயிற்சியாளராக இருந்த ஒருவர் 1995இல் சிறை சென்ற அதிர்ச்சிக்குப் பின், 2001இல் விளையாட்டில் சிறார் பாதுகாப்புக்கெனத் தனிப்பிரிவு நிறுவப்பட்டது. இன்று அங்குள்ள கோல்ஃப் கிளப்புகளில் சிறார் நலப் பொறுப்பாளர் இருப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் ஆட்டம் நின்றுவிடவில்லை. தெளிவான விதி நேர்மையான தன்னார்வலரையும் வீண்பழியிலிருந்து காக்கிறது.

மும்பையின் எந்தக் கிளப்பும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள. மைதானத்தில் காலடி வைக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும், அவர் ஆட வந்தாலும் பை சுமக்க வந்தாலும், ஒரே பதிவேடு வேண்டும். ஊதியம் பெறாவிடினும், போட்டியில் சிறாரோடு பழகும் பெரியவர் அனைவரும் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். மின்வண்டியிலோ உடைமாற்றும் அறையிலோ ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருத்தல் கூடாது. வெளியூர்ப் போட்டிகளில் பயிற்சியாளரும் சிறாரும் ஓர் அறையில் தங்கலாகாது. பிள்ளைக்கு அனுப்பும் கைப்பேசிச் செய்தி பெற்றோருக்கும் சென்று சேர வேண்டும். புகாரை விசாரிக்கும் குழுவில் கிளப்பின் உறுப்பினர் அல்லாத ஒருவரேனும் இடம்பெற வேண்டும். நலப் பொறுப்பாளரின் பெயரும் எண்ணும் நுழைவுப் படிவத்திலும், முதற்குழியின் அருகிலும், பை சுமப்போர் காத்திருக்கும் கொட்டகையிலும், ஆங்கிலத்தோடு மராத்தி, இந்தி, தமிழ் ஆகிய மொழிகளிலும் எழுதப்பட வேண்டும். தாராவியிலிருந்தோ செம்பூர்க் குடிசைகளிலிருந்தோ வரும் பிள்ளையால் படிக்க முடியாத அறிவிப்பு அவனுக்காக எழுதப்பட்டதாகாது.

அவ்வறிவிப்பில் 1098 என்னும் எண்ணும் இருத்தல் வேண்டும். ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கான சைல்டுலைன் சேவை 1996இல் மும்பையில்தான் பிறந்தது. செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக அது தொடங்கியது. தெருவில் வாழ்ந்த பிள்ளைகள் எவர் அனுமதியும் இன்றித் தாமே அழைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நாடு முழுதும் பரவிய அந்த எண், அது பிறந்த இடத்தின் அண்டையிலுள்ள மைதானங்களின் பலகைகளில் இடம்பெறுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த போட்டியின் நுழைவுப் படிவத்தை அச்சிடும் முன் போட்டிக்குழு ஒருமுறை கூடி முடிவெடுத்தால் போதும்.